எதிர் விருப்பத்தை அறிந்த மருத்துவர்

1921-ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து வியன்னா நகருக்கு ஒரு நூல் சென்றது. அனுப்பியவர் டாக்டர் கிரீந்திரசேகர போஸ். பெற்றவர் உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் பிராய்டு. விருப்பங்கள் ஆழ்மனத்தில் அமுக்கப்படுவது பற்றிய போஸின் முனைவர் பட்ட ஆய்வே அந்நூல். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

போஸ் 1887 ஜனவரி 30-ஆம் தேதி பிறந்தார். 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் தொழிலைத் தொடங்கினார். பிராய்டின் நூல்கள் கைக்குக் கிட்டும் முன்னரே மனநோயாளிகளுக்கு அறிதுயில் முறையில் சிகிச்சை அளித்து வந்தார். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் அவரது பார்சிபாகான் சந்து இல்லத்தில் உருவாயிற்று.

சீடராக அன்றிச் சமமானவராகவே அவர் பிராய்டுடன் வாதிட்டார். ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு நேர் எதிரான விருப்பமும் மனத்தில் பிறக்கிறது என்பது அவருடைய கொள்கை. ஒருவர் பிறரை அவமதிக்க விரும்பினால், அவமதிக்கப்படும் விருப்பமும் அவருள் மறைந்திருக்கும். அதை ஏற்க மறுக்கும்போது நோய் விளைகிறது. எனவே நோயாளி எதிரில் இருப்பவரின் இடத்தில் தம்மை வைத்துக் கற்பனை செய்ய வேண்டும். மீண்டும் தம் இடத்திற்குத் திரும்ப வேண்டும். ஏற்றப்பலகை மேலும் கீழுமாக அசைந்து சமநிலைக்கு வருவதுபோல இது நிகழும்.

பிறரைத் தன்னைப்போல் காண்பது நம் சாஸ்திரங்கள் வலியுறுத்தும் அறநெறி. போஸின் கையில் அது சிகிச்சை முறையாயிற்று. கீதைக்கு உளவியல் நோக்கில் வங்காளியில் உரை எழுதியவர் அவர்; சமத்துவம் என்ற சொல்லின் பொருள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் இம்முறையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நோயாளி தாமாகக் கண்டுகொள்ளும்வரை காத்திராமல், எதிர்நிலையை எண்ணிப் பார்க்குமாறு போஸ் தூண்டினார். அப்போது மருத்துவரின் நல்லது கெட்டது பற்றிய கருத்து நோயாளியின் மீது ஏறிவிடக்கூடும். போதிப்பதற்கும் வழிகாட்டுவதற்கும் இடையிலான கோடு மெல்லியது. அக்கோட்டின் மீதுதான் அவர் நடந்தார்.

பிராய்டு இக்கொள்கையை முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும் 1931-இல், அவரது 75-ஆம் பிறந்தநாளை ஒட்டிக் கல்கத்தா சங்கம் அனுப்பிய தந்தத்தாலான விஷ்ணு சிலையைத் தம் எழுதும் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

1940-இல் போஸின் முயற்சியால் கல்கத்தாவில் ஒரு மனநல மருத்துவமனை தொடங்கியது. புத்தர் பிறந்த லும்பினியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1953 ஜூன் 3-ஆம் தேதி அவர் மறைந்தார்.