குருவியைச் சுட்ட சிறுவன், பரத்பூரைக் காப்பாற்றிய கதை!

தாஜ்மஹால் பார்க்க ஆக்ரா வரைக்கும் போறவங்க, இன்னும் சுமார் 55 கி.மீ தள்ளிப் போனா ராஜஸ்தானின் பரத்பூர் வந்துடும். அங்கே 29 சதுர கி.மீ பரப்பில் தண்ணீரும் புல்லும் கருவேல மரங்களுமாக விரிந்து கிடக்கிறது கேவலாதேவ் தேசியப் பூங்கா. குளிர்காலத்தில் வாத்துகளும் நாரைகளும் நிறைந்திருக்கும் அந்த ஈரநிலத்துக்கு நடுவில் சில கல்வெட்டுகள் இருக்கு. பக்கத்துல போய்ப் படிச்சா திக்குனு இருக்கும். எந்தத் தேதியில், எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்ற வேட்டைக் கணக்கு அது! 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே வேட்டையில் விழுந்தவை மட்டும் 4,273.

மகாராஜாவின் இந்த வேட்டைக்களம் சரணாலயமாக மாறியதில் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் சலீம் அலி.

1896-ல் பம்பாயில் பிறந்தவர். சின்ன வயசுலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். விளையாட்டுத் துப்பாக்கியால் ஒருநாள் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்று. இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியல. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த மில்லார்ட், அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்த பறவைகளை வரிசையாகக் காட்டினார். பையன் அங்கேயே விழுந்துட்டான்.

அதுக்கப்புறம் எல்லாம் ஈஸியா நடந்துடல. பர்மாவில் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழில் படுத்துவிட்டது. பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கல. பெர்லினுக்குப் போய்ப் பறவையியல் கற்றுத் திரும்பினால், பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்த்த வேலையும் நிதி இல்லை என்று போயிருந்தது. மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். வேலையில்லாத அந்த நாள்களில்தான் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் பாதிக் கூடு கட்டிக் காத்திருக்கும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியை முடிக்கும். அடுத்து இன்னொரு கூடு, இன்னொரு ஜோடி! இந்த ஆய்வு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1939-ல் தெஹ்மினா இறந்தார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய பிரபலமான இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு பரத்பூருக்கு வேறு ஆபத்து. சதுப்பை வற்றவைத்து வயலாக்கணும், தண்ணீரைப் பாசனத்துக்குத் திருப்பணும் என்ற கோரிக்கை எழுந்தது. நிலமில்லாத விவசாயி கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. சலீம் அலி விஷயத்தைப் பிரதமர் நேரு வரைக்கும் கொண்டுபோனார். 1956-ல் அது சரணாலயமானது. ஆனாலும், முன்னாள் மகாராஜாவின் வேட்டை உரிமை 1972 வரை தொடர்ந்தது! இடையில், பறவை பிடிப்பதில் கில்லாடிகளான பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தாரை வைத்து, பறவைகளின் காலில் வளையம் மாட்டி வலசைப் பாதைகளைத் தேடினார்.

இந்தக் கதையில் ஒரு கசப்பும் உண்டு. தேசியப் பூங்காவானதும், 1982-ல் உள்ளே எருமை மேய்க்கத் தடை வந்தது. சலீம் அலியும் அந்தத் தடையை ஆதரித்தவர்தான். தலைமுறைகளாக மேய்த்த கிராமத்தினர் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் சிலர் இறந்தே போனார்கள். அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. எருமைகள் போனதும் ஒருவகைப் புல் வெறித்தனமாக வளர்ந்து, வாத்துகளுக்குத் தேவையான திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டது. எருமைகள்தான் அதை மேய்ந்து மட்டுப்படுத்தி வைத்திருந்தன! இதைக் கண்டுபிடித்துச் சொன்னது, சலீம் அலி வாழ்நாளெல்லாம் உழைத்த அதே சங்கம். 1980-லிருந்து பத்து ஆண்டுகள் அங்கே நடத்திய ஆய்வின் முடிவு அது. ஆனால், அறிக்கை முழுசா வரும்போது அவர் இல்லை. 1987-ல், 90 வயதில் இறந்துவிட்டார்.

கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையம் இருக்கிறது. பரத்பூர் பூங்காவில் பார்வையாளர் மையத்துக்கும் அவர் பெயர்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். சைக்கிள் ரிக்‌ஷா எடுத்துக்கோங்க; ஓட்டுபவர்களில் பலர் பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டப் பயிற்சி பெற்றவர்கள். அந்தக் கல்வெட்டுகள், கேவலாதேவ் கோயிலுக்குப் பக்கத்தில்.