இல்லாத குவிமாடத்தை எழுப்பியவர்

இத்தாலி நாட்டின் ட்ரெண்ட் நகரில் 1642ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் அந்திரேயா பொஸ்ஸோ. இளமையிலேயே ஓவியம் கற்றார். தமது 23ஆம் வயதில், 1665ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, இயேசு சபையில் சகோதரராகச் சேர்ந்தார். அவர் குருப்பட்டம் பெறவில்லை. இறுதிவரை எளிய சகோதரராகவே வாழ்ந்தார். தூரிகையே அவரது தொண்டு.

உரோமை நகரில் புனித இஞ்ஞாசியார் ஆலயம் எழும்பியபோது, அதன் நடுவே அமைய வேண்டிய குவிமாடம் கட்டப்படாமலே நின்றுவிட்டது. பொருட் குறைவே காரணம் என்பர். அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு பொஸ்ஸோவிடம் வந்தது. ஏறத்தாழ 17 மீட்டர் அகலமுள்ள கித்தானில் தூண்களும் சாளரங்களும் கொண்ட குவிமாடம் ஒன்றைத் தீட்டி, 1685இல் மேலே பொருத்தினார். தரையில் குறிக்கப்பட்ட இடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு அது உண்மையான குவிமாடமே! சற்று விலகி நின்றாலோ தூண்கள் சாயத் தொடங்கும்.

தூண்களைச் சுவர்த் தாங்கிகளின் மேல் நிறுத்தியது தவறு என்று கட்டடக் கலைஞர் சிலர் குறை கூறினர். பாரம் தாங்காமல் அவை உடைந்தால் பழுதுபார்க்கும் செலவைத் தாமே ஏற்பதாக, அவருடைய ஓவிய நண்பர் ஒருவர் வேடிக்கையாகப் பதிலளித்தாராம்!

அடுத்து ஆலயத்தின் நீண்ட வளைவுக் கூரையில், வானமே திறந்ததுபோல் இஞ்ஞாசியாரின் மகிமையை வரைந்து 1694இல் முடித்தார். வளைந்த பரப்பில் நேர்கோடு எப்படி வரும்? நூல்களால் வலை கட்டி, பார்வையாளரின் கண் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு வைத்து, கூரையில் விழும் வலையின் நிழலைப் பின்பற்றிக் கோடிடும் முறையை அவர் கையாண்டார்.

இந்த வித்தையை அவர் மறைத்து வைக்கவில்லை. 1693இல் வெளிவந்த தமது நூலில் படங்களுடன் யாவரும் கற்குமாறு விளக்கினார். அந்நூலைத் தழுவி 1729இல் சீனாவிலும் ஒரு நூல் தோன்றியது.

பேரரசர் லியோபோல்டின் அழைப்பை ஏற்று வியன்னா சென்ற பொஸ்ஸோ, அங்குள்ள இயேசு சபை ஆலயத்திலும் ஓவியக் குவிமாடம் அமைத்தார். 1709 ஆகஸ்ட் 31இல் அந்நகரிலேயே இறைவனடி சேர்ந்தார்.

அன்பு மாணவியரே, பொருள் இல்லையென்று நின்றுபோன பணியை, தாம் கற்ற கணக்காலும் கைத்திறனாலும் நிறைவு செய்தார் இச்சகோதரர். கற்றதைப் பிறருக்கும் கொடுத்துச் சென்றார். நம் கையிலுள்ள திறமை சிறிதாயினும், அதை இவ்விதம் பயன்படுத்துவோமாக.