கேட்டுக் கற்ற அம்மையார்

சென்ற திங்கள் மென்பொருள் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்விற்குச் சென்றிருந்தேன். சி மொழியில் பாயிண்டர் என்னும் பகுதி நன்கு தெரியும் என்று துணிந்து கூறினேன். அடுத்த வினாவிலேயே குட்டு வெளிப்பட்டது, வேலை கிட்டவில்லை. மூன்றாண்டுகள் வகுப்பில் ஐயமே கேளாதிருந்த எனக்கு அது தகும். மனம் சோர்ந்திருந்த அந்நாளில், நம் கல்லூரி நூலகத்தில் நான் படித்த வாழ்க்கை ஒன்று என் கண்களைத் திறந்தது. உலகின் முதல் கணிப்பொறி நிரலை வெளியிட்டவர் எனப் போற்றப்படும் அடா லவ்லேஸ் அம்மையாரின் வாழ்க்கையே அது.

1815 டிசம்பர் 10-ஆம் நாள் இலண்டனில், ஆங்கிலக் கவிஞர் பைரனின் மகளாக அவர் பிறந்தார். பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். அன்னையார் மகளைக் கணிதத்தில் ஈடுபடுத்தினார். 1833-இல், தம் பதினேழாம் வயதில், சார்லஸ் பாபேஜைச் சந்தித்து, அவர் அமைத்திருந்த கணக்கிடும் இயந்திரத்தின் ஒரு பகுதியைக் கண்டார். அன்று பிறந்த ஆர்வம் இறுதிவரை தணியவில்லை. மேரி சோமர்வில் என்னும் அறிவியல் அறிஞரும் அவருக்கு வழிகாட்டினார்.

1835-இல் திருமணம்; பின்னர் மூன்று குழந்தைகள். அதன் பிறகும், 1840 முதல், பேராசிரியர் டி மார்கனிடம் அஞ்சல் வழியே கணிதம் பயின்றார். இயற்கணிதத்தின் அடிப்படை ஐயங்களைக்கூட அவர் எழுதிக் கேட்டார். செல்வச் சீமாட்டியாயிற்றே என்ற கூச்சம் அவரைத் தடுக்கவில்லை!

1843-இல், பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரம் பற்றி மெனப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை மொழிபெயர்த்தார். அதனினும் ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்ட குறிப்புகளைத் தாமே சேர்த்தார். பெர்னூலி எண்களை இயந்திரம் படிப்படியாகக் கணிக்கும் முறை அவற்றுள் அட்டவணையாக உள்ளது. பாபேஜின் கணக்கிலேயே பிழையொன்றைக் கண்டு சுட்டினார். ஆயினும் அச்சேறிய அந்த அட்டவணையில் ஒரு வகுத்தல் தலைகீழாக நின்றுவிட்டது. பிழையின்றி நிரல் எழுதியவர் முதல்வரிலும் இல்லை போலும்!

அவ்வியந்திரம் முழுமையாக உருப்பெறவே இல்லை. 1852 நவம்பர் 27-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், புற்றுநோயால் அம்மையார் மறைந்தார். 1980-இல் தரநிலை பெற்ற நிரல்மொழி ஒன்று இன்றும் அடா என அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நூலை மூடிய மறுநாள், எங்கள் துறைப் பேராசிரியரிடம் சென்று, எனக்குப் பாயிண்டர் புரியவில்லை என்றேன். அவர் நகைக்கவில்லை, சுண்ணக்கட்டியை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். அரைமணியில் விளங்கியது. மூன்றாண்டுகளாக அந்த அரைமணி எனக்காகக் காத்திருந்தது அன்றோ!

மென்பொருள் துறையில் அடியெடுத்து வைக்கவிருக்கும் நண்பர்களே! மொழிகள் மாறும், கருவிகள் மாறும். தெரியாததைத் தெரியாது என்று கூறிக் கேட்கும் பண்பு மட்டும் என்றும் கைகொடுக்கும். கற்றதைப் பிறர்க்கு விளங்க எழுதிப் பாருங்கள். மூத்தோர் எழுதியதையும் சரிபாருங்கள். அம்மையார் வாழ்ந்து காட்டிய வழி இதுவே.