தேயிலை தந்த சாமி துரை

இலங்கையில் கண்டி நகரிலிருந்து தென்கிழக்கே மலைப் பாதையில் போனால் லூல்கந்துர என்ற தேயிலைத் தோட்டம் வரும். அங்கே செடிகளுக்கு நடுவே ஒரு பழைய கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் நிற்கின்றன. மலை விளிம்பில் ஒரு கல் ஆசனம் இருக்கிறது. வீட்டுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஆனாலும் அந்த இடத்தைப் பார்க்கப் பல நாட்டு மக்கள் மலை ஏறி வருகிறார்கள்.

அது யாருடைய வீடு?

ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரரின் வீடு. இலங்கையில் தேயிலையைத் தொழிலாக வளர்த்துக் காட்டிய முன்னோடி அவர்தான்.

கப்பலேறிய சிறுவன்

டெய்லர் 1835-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார். 1852-ன் தொடக்கத்தில் இலங்கை வந்து சேர்ந்தபோது அவருக்கு 17 வயதுகூட நிறையவில்லை.

அப்போது இலங்கை மலைகளில் காப்பிதான் முக்கியப் பயிர். லூல்கந்துர காப்பித் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மரக்கட்டைகளால் ஒரு சிறு வீடு கட்டிக் குடியேறினார்.

தோட்டத்தில் பாடுபட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழை மக்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைநாட்டுக்குப் போனவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர்.

தாழ்வாரமே தொழிற்சாலை

டெய்லர் பேராதனைத் தாவரத் தோட்டத்திலிருந்து தேயிலை விதை வாங்கி வந்து ஊன்றிப் பார்த்தார். செடி நன்றாக வந்தது. 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொயினா மருந்துக்கான சின்கோனா மரமும் வளர்த்தார்.

தேயிலை தயாரிக்க அப்போது இயந்திரம் இல்லை. வீட்டுத் தாழ்வாரமே தொழிற்சாலை ஆயிற்று. பறித்த கொழுந்தை வாடவைத்து, மேஜை மீது பரப்பி, கையால் அழுத்தி உருட்டினார்கள். பிறகு களிமண் அடுப்பில், கரித் தணலுக்கு மேலே, கம்பித் தட்டில் காயவைத்தார்கள்.

1869-ல் காப்பி இலையில் துருப் போல ஒரு பூஞ்சை நோய் கண்டது. பிறகு தோட்டம் தோட்டமாகக் காப்பி அழிந்தது. சொத்தை இழந்தவர்கள் பலர். அந்த நேரத்தில் மலைநாட்டுக்குக் கை கொடுத்தது தேயிலைதான்.

1872-ல் டெய்லர் தொழிற்சாலை அமைத்தார். இலை உருட்டும் இயந்திரமும் செய்தார். 1873-ல் அவரது தேயிலை 23 ராத்தல் லண்டனுக்குச் சென்றது. 1890-ல் இலங்கையின் தேயிலை ஏற்றுமதி ஏறக்குறைய 22,900 டன்!

காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆட்கள் அதிகம் தேவை. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்க்கும். எனவே தமிழ்க் குடும்பங்கள் மலையிலேயே தங்கிவிட்டன. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள்.

கடைசிப் பயணம்

1890-ல் இலங்கை வந்த தாமஸ் லிப்டன் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். பொட்டலத்தில் தம் பெயரைப் போட்டு விற்றுப் பெரும் செல்வம் திரட்டினார். டெய்லரோ கடைசிவரை சம்பளக்காரராகவே இருந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாய்நாட்டுக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. 1874-ல் விடுமுறை எடுத்தபோதும் டார்ஜிலிங் போய்த் தேயிலைத் தோட்டங்களைத்தான் பார்த்து வந்தார்!

40 ஆண்டுகள் உழைத்த அவரை, கம்பெனியார் கடைசியில் வேலையை விட்டு விலகச் சொன்னார்கள். ஆனால் 1892-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி, லூல்கந்துரவிலேயே சீதபேதியால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.

டெய்லர் கனத்த உடம்புக்காரர். 24 தொழிலாளர்கள், 12 பேர் மாற்றி 12 பேராக, சவப்பெட்டியைக் கண்டி வரை தோளில் சுமந்தார்கள். கங்காணிகளும் மற்றத் தொழிலாளர்களும் பின்னால் நடந்தார்கள். சாமி துரை என்று அவரை அழைத்தவர்கள் அவர்கள்தான்.

கண்டி மகையாவை இடுகாட்டில் டெய்லரின் கல்லறை இருக்கிறது. நகருக்கு அருகே ஹந்தானையில், பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001-ல் அருங்காட்சியகம் ஆனது. அந்தக் காலத்து இயந்திரங்களை அங்கே காணலாம். கண்டிக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். தேநீருக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு அவர்களுக்குப் புரியும்.