கருந்திரை மூடிய தலைவர்: மரீனோ பாலியேரோ சரிதம்

இத்தாலிய தேசத்தின் வடகீழ்த் திசையில், கடற்கழியினிடையே அமைந்த வெனிஸ் மாநகரத்தில் டோஜ் மாளிகை என்னும் பேரரண்மனை உளது. டோஜ் என்பது அந்நகரக் குடியரசின் தலைவர்க்கு வழங்கிய பெயராகும். அரசியல் மன்றங்களும் நீதி மன்றங்களும் அம்மாளிகையினுள்ளேயே நடைபெற்றன. 1797ஆம் ஆண்டிற் குடியரசு வீழ்ந்தது. 1923 முதல் அம்மாளிகை பொருட்காட்சிச் சாலையாய் யாவரும் கண்டு களிக்குமாறு திறந்திருக்கிறது.

ஆண்டுள்ள பேரவை மண்டபம் 53 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உடையது. 1577இல் நேர்ந்த தீவிபத்தின் பின்னர்ப் புதுக்கப்பெற்ற அதன் சுவர்களின் மேல்வரிசையில் 76 டோஜ்களுக்கு இடம் வகுக்கப்பட்டுளது. ஓரிடத்தில் மட்டும் முகம் இல்லை, கருந்திரையொன்றே தீட்டப்பட்டிருக்கிறது. அவ்விடத்துக்கு உரியவர் மரீனோ பாலியேரோ. அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

பாலியேரோ உயர்குடிப் பிறந்தவர். 1346இல் ஹங்கேரி மன்னன் படையை ஸாரா நகரின் புறத்தே முறியடித்துப் புகழெய்தினார். 1354 செப்டம்பரில், அவிஞோன் நகரிலிருந்த போப்பாண்டவரிடம் தூது சென்றிருந்தபொழுது, முதுமைப் பருவத்தில் டோஜாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அக்டோபரில் மூடுபனியினிடையே நகர் வந்த அவர், குற்றவாளிகளைக் கொல்லும் இரு தூண்களுக்கு நடுவே கரையேற நேர்ந்ததென்றும், மக்கள் அதனைத் தீநிமித்தமாகக் கொண்டனரென்றும் கூறுவர்.

டோஜ் பதவி பெருமை மிக்கது, அதிகாரமோ சிறிது. பிற நாட்டு அரசர் விடுத்த ஓலையையும் ஆலோசகரின்றித் தனியே பிரித்தல் ஆகாது. படை நடாத்திப் பழகிய முதியவர்க்கு இக்கட்டுப்பாடு எத்துணைக் கசந்திருக்கும்! இந்நிலையில் மிக்கேல் ஸ்தேனோ என்னும் இளைஞர் அவரை இழித்து எழுதிய குற்றத்துக்காக மன்றத்தில் நிறுத்தப்பட்டார். விதித்த தண்டனையோ மிகச் சிறிது. தலைவரின் மானத்துக்கு மன்றம் இட்ட விலை இதுதானா என்று பாலியேரோ நெஞ்சு புழுங்கினார் என்பர்.

பிரபுக்களின் செருக்கால் நொந்தார் பிறரும் இருந்தனர். பெர்த்துச்சியோ இசரெல்லோ என்னும் மாலுமியும், பிலிப்போ கலெந்தாரியோ என்னும் கல்தச்சரும் டோஜுடன் கூடினர். 1355 ஏப்ரல் 15ஆம் நாள் பிரபுக்களை வெட்டி வீழ்த்தி, பாலியேரோவை முடிமன்னராக்குவது அவர்தம் சூழ்ச்சி. ஆனால் உடனிருந்தோர் சிலர் வாயிலாகவே மறை வெளிப்பட்டது.

1310இல் எழுந்த பிறிதொரு சூழ்ச்சியின் பின்னர் நிறுவப்பெற்ற பதின்மர் சபை உடனே கூடியது. குற்றஞ்சாட்டப்பெற்றவர் நாட்டின் தலைவராதலின், மேலும் இருபதின்மரைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. இசரெல்லோவும் கலெந்தாரியோவும் மாளிகைப் பலகணியில் தூக்கிலிடப்பட்டனர். பாலியேரோ தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 17ஆம் நாள், அம்மாளிகைப் படிக்கட்டிலேயே அவர் சிரம் கொய்யப்பட்டது. அவர் ஆண்டது ஏழு திங்களினும் சிறிது மிகுதி.

ஆராய்ந்து நோக்குமிடத்து, பாலியேரோவின் மனக்குறை முற்றும் பொய்யன்று. தம்மவன் ஒருவன் செய்த பிழையை எளிதிற் பொறுத்த பிரபுக்கள், முதியவர் செய்த பிழைக்கு இரண்டொரு நாளிலேயே தீர்ப்பளித்து முடித்தனர். அச்ஸ்தேனோவே 1400இல் டோஜாயினார் என்றும் சரித்திரம் கூறும். ஆயினும், தமக்கு நேர்ந்த அவமதிப்பு ஒன்றுக்காகத் தாம் காப்பதாக ஆணையிட்ட சட்டத்தையே அழிக்க முற்படுதல் தலைவர்க்கு அடாது. அக்குறையை அவையில் எடுத்துரைத்து வாதாடியிருப்பரேல், அவர் முகம் இன்றும் அச்சுவரில் விளங்கும்.

வெனிஸ் மக்கள் அவரை மறக்க விரும்பியிருப்பின், அவ்விடத்தில் அடுத்த டோஜின் உருவை எழுதி வரிசையை நிரப்பியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்திலர். குற்றத்துக்காகத் தலை இழந்தவர் இடம் இஃது என்று பொறித்து, வெறுமையையே நிறுத்தினர். கீழே அமர்ந்து சட்டம் செய்வோர் தலை நிமிருந்தோறும் அக்கருமை அவர் கண்ணிற் பட்டது.

அன்பர்காள்! சிறிய சங்கமாயினும் பெரிய நாடாயினும், தலைமைப் பீடத்தில் அமர்வோர்க்கு மனம் புண்படும் வேளை வாராமற் போகாது. அவ்வேளையில் விதிகளைக் காப்பதா, தம் சினத்தைக் காப்பதா என்னும் வினா எழும்போது, அக்கருந்திரையை நினைவு கூர்வோமாக.