பாண்டியனார் போட்ட கையெழுத்து

பழனி பஸ் நிலையத்தில் தைப்பூசக் கூட்டத்தில் சிக்கிய தோழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. காவடியைத் தோளில் சாய்த்தபடி ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், கூலி வேலை முடித்து மண்வெட்டியோடு திரும்பும் ஒருவர். வண்டி வந்ததும் முண்டுகிறார்கள், இடிக்கிறார்கள், ஏசிக்கொள்கிறார்கள். பிறகு ஒரே இருக்கையில் நெருங்கி உட்கார்ந்து ஊர்க்கதை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நடத்துநர் எந்த ஊர் என்று கேட்கிறார். எந்தத் தெரு என்று கேட்பதில்லை. தெருவைப் பார்த்து ஆளை ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தின் கழுத்தில் கைவைத்தவர்களில் ஒருவர் இதே மலையின் மறுபுறத்துக்காரர்.

பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் நம் பழனி. தென்கிழக்கு அடிவாரத்தில், வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில், பட்டிவீரன்பட்டி. கீழ்ப்பழனி மலையில் விளையும் காப்பிக்கொட்டை இறங்கி வந்து பக்குவமாகும் ஊர். அங்கே, காப்பித் தோட்டமும் வாணிபமும் உள்ள செல்வக் குடும்பத்தில், 1893 செப்டம்பர் 15-ஆம் நாள் பிறந்தார் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே 1893-இல், ஜூன் 7-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும், நிறத்தைக் காரணம் காட்டி இறக்கிவிடப்பட்டார் காந்தியார். அந்த ரயில் கதை நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான். நம் ஊர்ப் பஸ் கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

செல்வம் இருந்தது என்றோம். செல்வம் இருந்து என்ன செய்ய? பாண்டியனாருக்கு நான்கு வயதுகூட நிரம்பாத 1897-இல், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். அது குற்றமாம்! வழக்கு மதுரையில் தொடங்கி, சென்னை உயர்நீதிமன்றம் ஏறி, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தமிழன் கட்டிய கோயிலில் தமிழன் நுழையலாமா என்று தேம்ஸ் நதிக்கரையில் வெள்ளைக்கார நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். 1908-இல் வந்த தீர்ப்பு, நுழையக்கூடாது என்பதுதான். இடையில் 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. இந்தச் செய்திகள் காதில் விழ வளர்ந்த பிள்ளை அவர்.

இப்படிச் சூடுபட்ட சமுதாயத்தில் ஒருவன் படித்து, பணம் சேர்த்து, பதவிக்கு வந்தால் என்ன செய்வான்? தன் சாதியை இரண்டு படி மேலே ஏற்றி நிறுத்துவான். அதற்குக் கீழே நிற்பவன் ஏற வந்தால், ஏறிய ஏணியை எட்டி உதைப்பான். அப்படிப்பட்ட தலைவர்களை நாம் கண்டிருக்கிறோம், தோழர்களே, இன்றும் காண்கிறோம். பாண்டியனாருக்கு அந்த வழி அடைபட்டிருக்கவில்லை. 1920-இல், 27 வயது இளைஞராக, நாடார் சமுதாயத்தின் சார்பில்தான் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். நீதிக்கட்சியின் வரிசையில் அமர்ந்தார். அந்த அளவோடு நின்றிருந்தால் சாதிச் சங்கத்தின் சுவரில் ஒரு படமாகத் தொங்கியிருப்பார்.

நிற்கவில்லை. பெரியாரோடு சேர்ந்தார். 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். சாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும், பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும், பிடிக்காத மணத்திலிருந்து விலக உரிமை வேண்டும், பொதுக் கிணறும் குளமும் சாலையும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேறின. நாடார் என்ற பட்டத்தைப் பெயரிலிருந்து கழற்றி வைத்தார் தலைவர். அந்தப் பட்டத்தால் பதவி பெற்றவர் அதைக் கழற்றினார் என்பதை மறந்துவிடக்கூடாது.

அந்தக் காலத்தில் அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவர். எந்த இராமநாதபுரம்? கமுதி இருக்கும் மாவட்டம். 1910-இல் அது தனி மாவட்டமானபோது சிவகாசியும் அதில்தான் சேர்ந்தது. தம் மக்களைக் கோயில் வாசலில் தடுத்த மண்ணிலேயே தலைவர் நாற்காலி!

மோட்டார் பஸ் அப்போது புதிது. மாட்டு வண்டியில் ஒரு பகல் போகும் தூரத்தை ஓரிரு மணியில் முடிக்கும் அதிசயம். இரும்புக்கும் எண்ணெய்க்கும் சாதி ஏது? ஆனால் சீமையிலிருந்து வந்த வண்டியில் நம் ஊர் அக்கிரமம் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆதிதிராவிடன் காசை நீட்டினாலும் ஏற்ற மறுத்தார்கள். நாற்றமடிக்கும் கருவாட்டுக் கூடைக்கு இடம் உண்டு. அதைச் சுமந்தவனுக்கு இல்லை. வண்டிக்காரனைக் கேட்டால், தனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை, மற்றப் பயணிகள் ஏற மாட்டார்களே, பிழைப்பு போய்விடுமே என்பான். யோக்கியனின் பேச்சு எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

பாண்டியனார் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. பஸ் ஓட்டும் உரிமம் போர்டின் கையில் இருந்தது. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் வண்டியின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவு போட்டார். பிழைப்பு போய்விடும் என்றவனுக்கு, ஏற்றாவிட்டால்தான் பிழைப்பு போகும் என்று காட்டிய உத்தரவு அது. நாலு ஓட்டுக்கும் ஒரு நாற்காலிக்கும் ஏன் இந்தப் பாடு என்று தேர்தல் நேரத்தில் சலித்துக்கொள்ளும் தோழர்கள் அந்தக் கையெழுத்தை நினைத்துப் பார்க்கலாம்.

அவர் 1953 பிப்ரவரி 22-ஆம் நாள் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் தையல் வேலைக்கார நீக்ரோ மாது, வெள்ளையனுக்கு இடம்விட்டு எழ மறுத்துக் கைதானார். அந்நகரத்துக் கறுப்பு மக்கள் 381 நாட்கள் பஸ்ஸைத் தொடாமல் நடந்தார்கள். உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே இருக்கை பொதுவாயிற்று. அந்த வீரத்தை உலகம் போற்றுகிறது; நாமும் போற்றுகிறோம். அங்கே பின்னிருக்கையாவது கிடைத்தது. இங்கே படியில் கால்வைக்கவே தடை. அந்தத் தடையின்மீது ஏறத்தாழ கால் நூற்றாண்டு முன்பே ஒரு தமிழன் அரசாங்க மையைக் கொட்டினான்.

அதோடு எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த விருதுநகரில், 1997-இல், வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. கட்டபொம்மனுக்காக உயிர்விட்ட வீரன்; பிறந்தது தேவேந்திர குலம். அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள் சாதி வெறியர்கள். கல் பறந்தது, கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் ஏற்ற மறுத்தார்கள். பிறகு ஏற மறுத்தார்கள்!

சென்னை தியாகராய நகரில் சௌந்தரபாண்டியன் அங்காடி என்று ஒரு வீதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். மக்கள் வாயில் அது பாண்டி பஜார் ஆயிற்று. பாண்டிச்சேரிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2019-இல் அதை அழகான நடைபாதை வீதியாக்கித் திறந்தார்கள். பாண்டி பஜார் என்று காசை நீட்டினால் நடத்துநர் சீட்டைக் கொடுத்துவிடுகிறார். பாண்டி யார் என்று அவரும் சொல்வதில்லை, ஏறியவரும் கேட்பதில்லை.