அடித்தலும் திருத்தலும்

பெருங்கவிஞர்களின் கையெழுத்துப் படிகளில் ஒரு சொல்கூட அடிக்கப்பட்டிராது என்று பலர் எண்ணுவர். இரவீந்திரநாத் தாகூரின் குறிப்பேடுகளோ அடித்தலும் திருத்தலும் நிறைந்தவை.

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். பள்ளியின் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலேயே மொழியும் இசையும் பயின்றார். சிறுவயதிலேயே கவிதை எழுதத் தொடங்கினார். 1901இல் சாந்திநிகேதனில் ஒரு பள்ளியை நிறுவினார். அங்கே மரநிழலில் பாடங்கள் நடைபெற்றன. நம் நாட்டுப்பண்ணை இயற்றியவரும் அவரே.

அவருக்கு உலகப் புகழ் தந்த நூல் திட்டமிட்டு உருவானதன்று. 1912இல் இங்கிலாந்து செல்லப் புறப்படும் வேளையில் அவர் நோயுற்றார், பயணம் தள்ளிப்போயிற்று. பத்மா ஆற்றங்கரைக்குச் சென்று ஓய்வெடுத்தார். புதிதாக எழுத உடலில் வலுவில்லை. ஆகவே, தம் வங்கமொழிக் கவிதைகளை ஒரு குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதலானார். பிறகு மேற்கொண்ட கப்பல் பயணத்திலும் அப்பணி தொடர்ந்தது. இலண்டன் சுரங்க இரயிலில் அந்தக் கையெழுத்துப் படி தவறிப்போயிற்று. நல்வாய்ப்பாக, தொலைந்த பொருள்களைக் காக்கும் அலுவலகத்தில் அது மீண்டும் கிடைத்தது. அதுவே ஆங்கிலக் கீதாஞ்சலியாக வெளிவந்தது. 1913இல் தாகூர் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார்.

பரிசு பெற்ற பின்னும் எழுத்து அவருக்கு எளிதாகிவிடவில்லை. செவ்வரளி மலரைப் பெயராகக் கொண்ட 'ரக்தகரபி' என்னும் நாடகத்தை அவர் மீண்டும் மீண்டும் மாற்றி எழுதினார். அதன் பெயரைக்கூட இருமுறை மாற்றினார்.

அடித்த சொற்கள் தாளில் கருங்கறைகளாகக் கிடப்பதை அவர் கண் பொறுக்கவில்லை. ஆயினும் அத்தாளைக் கிழித்தெறியவில்லை. கறைகளை எழுதுகோலால் ஒன்றோடொன்று இணைத்தார். ஒரு கறைக்கு அலகு முளைத்துப் பறவையாயிற்று. மற்றொன்று விலங்காக மாறியது. 1924இல் தென் அமெரிக்கப் பயணத்தின்போது நோயுற்று, அர்ஜென்டினாவில் தங்கினார். அங்கே 'பூரபி' கவிதைகளை எழுதிய குறிப்பேட்டில் இத்தகைய உருவங்கள் பெருகின. அவரை உபசரித்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அவற்றைக் கண்டு வியந்தார்.

ஏறத்தாழ நாற்பதாம் வயதில் தாகூர் ஓவியம் வரைய முயன்றதுண்டு. அப்போது பென்சிலைவிட அழிப்பானுக்கே வேலை மிகுதியாக இருந்ததாம். கைகூடாத அந்தக் கலை, அறுபது வயதுக்குப் பின்பு அடித்தல்களின் வழியே அவரைத் தேடி வந்தது. 1930இல் பாரிஸ் நகரில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. ஒகாம்போ அதற்குத் துணைநின்றார். 1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் மறைவதற்குள் தாகூர் 2000க்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்திருந்தார்.

அடித்த சொற்களுக்கு நாணி அத்தாள்களை அவர் எறிந்திருந்தால், இந்தியா ஓர் ஓவியரை இழந்திருக்கும். முதல் வரியே முழுமையாக அமைய வேண்டும் என்று காத்திருப்போர் தாளை வெறுமையாகவே விட்டுவிடுவர். அடித்தும் திருத்தியும் எழுதுவோரே எழுதி முடிக்கின்றனர்.